யாருக்கு எந்த நாவல்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் யாராவது ‘ஒரு நல்ல நாவல் சொல்லுங்க’ என்றால் இமையத்திடமிருந்துதான் தொடங்குவேன். பக்கத்துக் கடலூர் மாவட்டத்துக்காரர். பேச்சு நம்ம பேச்சு. 2020-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’ புதிதாகப் படிக்க வருபவர்களுக்குச் சரி. பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காய வார்டில் நடக்கிறது. வாசலில் காத்துக் கிடந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! விருதுப் புத்தகம் என்றால் சிலர் மிரள்வார்கள். அதனால் விருதைக் கடைசியில் சொல்வது என் வழக்கம்.

ஆனால் எனக்குப் பிடித்தது 1994-இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’தான். காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், பொழுது சாய்ந்ததும் வீடு வீடாக ராச்சோறு எடுக்கப் போவாள். எந்த வீட்டில் எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. களத்தில் அவள் பங்கு நெல் வருஷத்துக்கு வருஷம் சுருங்கும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒரு படி கீழே இருப்பவளின் கதை. வெளிவந்தபோது எதிர்ப்பும் இருந்தது. இரண்டாவதாகப் படிக்க வேண்டிய புத்தகம் இது, முதலாவதாக அல்ல.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்ப்பவர் என்றால் கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’. கதை நடப்பது கொல்லிமலையில். ஆனால் இரண்டு மலையிலும் வாழ்வது மலையாளிப் பழங்குடிகளே. கொஞ்சம் பிரசார வாடை உண்டு, பொறுத்துக்கொள்ளலாம். இரவல் மட்டும் கேட்காதீர்கள், வாங்கிப் படியுங்கள்.