நீளம், அகலம், ஒரு கதை
(பள்ளி அளவைக் கணக்குகள் பற்றி ஒரு விமர்சனப் பார்வை)

சிறுகதை, நாவல், கவிதை என்றால் வரிவரியாக அலசி ஆராய நம்மிடையே ஆட்கள் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்துத் தீர்க்கிற நூற்றுக்கணக்கான குட்டிக் கதைகளை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. "ஒரு விவசாயியிடம் செவ்வக வடிவில் ஒரு நிலம் இருந்தது" என்று ஆரம்பித்து, "வேலி போட எவ்வளவு செலவாகும்?" என்று முடியும் கதைகளைத்தான் சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தில் இருப்பதால் அவை கதை இல்லை என்று ஆகிவிடுமா?

கூட்டல், பெருக்கல், பின்னம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருக்கும் பையன்கூட, இந்த நீளம், பரப்பு, கொள்ளளவுக் கணக்குகளில் வந்து தடுக்கி விழுகிறான். "ஃபார்முலா மனப்பாடம் ஆகல, பத்து தரம் எழுதுடா" என்பதுதான் நாம் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டு. நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிள்ளைக்கு ஃபார்முலா தெரியும். கதையைத்தான் அவன் படிக்கவில்லை. படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு, வெளிமாநிலத்தில் வாழும் நம்மிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.

பிரான்சு நாட்டில் 1979, 80 வாக்கில் கணித ஆசிரியர்கள் சிலர் சிறுபிள்ளைகளிடம் ஒரு வேடிக்கைக் கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல், பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் கூட்டி 36 என்று எழுதிவிட்டார்கள். முட்டாள்தனம் என்று சிரித்துவிடலாம். ஆனால் இரண்டு எண்ணைப் பார்த்ததும் ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளைப் பழக்கியது யார்? பள்ளிக்கூடமும் புத்தகமும்தானே.

நம் ஊர்க் கைடு புத்தகங்களில் வரும் கணக்குகளில் பாதி இந்த ஜாதிதான். "ஒரு செவ்வகத்தின் நீளம் 18 செ.மீ., அகலம் 2 செ.மீ., பரப்பளவு என்ன?" இதில் கதையே இல்லை. இதையே நிலம், தோட்டம், மேஜைவிரிப்பு என்று பெயர் மாற்றிப் பத்துக் கணக்காக்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இப்படிப் பத்துக் கணக்கு போட்ட பிள்ளை, பதினோராவதாக வேலிக் கணக்கு வந்தாலும் பெருக்கித்தான் வைப்பான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதே எண்களை வைத்தே நல்ல கேள்வி கேட்கலாம். 40 மீட்டர் கயிறு இருக்கிறது. அதை வைத்து 18க்கு 2 என்று வளைத்தால் உள்ளே 36 சதுர மீட்டர், 10க்கு 10 என்று வளைத்தால் 100 சதுர மீட்டர். கயிறு ஒன்றுதான், இடம் மட்டும் எப்படி இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது? இந்தக் கேள்வியில் சுற்றளவும் பரப்பளவும் வெவ்வேறு என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறான்.

அடுத்து, எல்லாப் புத்தகத்திலும் வரும் பாதைக் கணக்கு. 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை; பாதையின் பரப்பளவு என்ன? நிறையப் பிள்ளைகள் 32ஐயும் 22ஐயும் பெருக்கி, அதிலிருந்து 600ஐக் கழித்து 104 என்பார்கள். சரியான விடை 216. வெளி நீளம் 34, அகலம் 24, பெருக்கினால் 816, அதில் 600 போக 216. தவறு பெருக்கலில் இல்லை, கழித்தலிலும் இல்லை. "சுற்றி" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்பது அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பிள்ளையிடம் விடையைக் கேட்காமல், "கண்ணா, இந்தத் தோட்டத்தைச் சுத்தி நடந்து காட்டு பாப்போம்" என்று மேஜைமேல் விரலால் நடக்கச் சொல்லுங்கள். விரல் நாலு பக்கமும் போய்வந்தால் 34 தானாக வரும்.

கம்பம் நடும் கணக்கும் அப்படித்தான். 100 மீட்டர் நேர்கோட்டில் 5 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் 21 கம்பம். அதே 100 மீட்டர் ஒரு மைதானத்தின் சுற்றளவு என்றால் 20 போதும், ஏனென்றால் கடைசிக் கம்பமும் முதல் கம்பமும் ஒன்றுதான். எண்கள் மாறவில்லை, கதை மாறியது, விடையும் மாறியது. ஒரு கணக்கு நல்ல கணக்கா என்று பார்க்க இதுவே என் உரைகல்: கதையை எடுத்துவிட்டால் விடை கிடைக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறைக்கு 30 செ.மீ. சதுர டைல்ஸ் எத்தனை வேண்டும்? பரப்பை வகுத்தால் 133⅓. கடையில் மூன்றில் ஒரு பங்கு டைல்ஸ் யாரும் தரமாட்டார்கள். அகலவாக்கில் 10 டைல்ஸ் சரியாக உட்காரும். நீளவாக்கில் 13 வைத்தால் 10 செ.மீ. மிச்சம். அந்த மிச்சத்துக்குப் பத்துத் துண்டு வேண்டும். ஒரு டைல்ஸை வெட்டினால் மூன்று துண்டு கிடைக்கும். ஆக நான்கு டைல்ஸ். மொத்தம் 134. மேஸ்திரி வெட்டிய துண்டை எறிந்துவிடுகிற ஆளாக இருந்தால் 140. ஒரே கேள்விக்கு மூன்று விடை, மூன்றுக்கும் நியாயம் உண்டு. விடைத்தாளில் ஒரே ஒரு எண்ணை மட்டும் அச்சிடும் புத்தகம் இந்தப் பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை.

பழைய நூல்கள் இதை எப்படிச் செய்தன என்று பார்ப்போம். பாஸ்கரர் 1150ல் எழுதிய லீலாவதியில் ஒரு மூங்கில் கணக்கு வருகிறது. 32 முழ மூங்கில் காற்றில் முறிந்து, அதன் நுனி அடியிலிருந்து 16 முழம் தள்ளித் தரையைத் தொடுகிறது. எந்த உயரத்தில் முறிந்தது? 2007ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புப் புத்தகத்திலும் இதன் தம்பி ஒருவன் இருந்தான்: மரம் 5 மீட்டர் உயரத்தில் முறிந்து, நுனி 12 மீட்டர் தள்ளித் தரையைத் தொடுகிறது, மரத்தின் முழு உயரம் என்ன? (2025ல் அந்தப் புத்தகத்தின் இடத்துக்குக் கணித பிரகாஷ் வந்துவிட்டது.)

இரண்டுமே நல்ல கணக்குகள். படம் போடாமல் இவற்றைத் தொட முடியாது. தம்பிக் கணக்கில் பிள்ளைகள் 13 என்று கண்டுபிடித்து, கோடு போட்டு, பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். சாய்ந்த பகுதிதான் 13. நிற்கிற 5ஐயும் சேர்த்தால்தான் மரம் 18. மரத்தை மறந்து முக்கோணத்தை மட்டும் பார்த்ததன் விளைவு இது. அண்ணன் கணக்கு இன்னும் நயமானது. நிற்கும் பகுதி, சாய்ந்த பகுதி இரண்டின் கூட்டுத்தொகை 32. அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் 16இன் வர்க்கம், அதாவது 256. 256ஐ 32ஆல் வகுத்தால் 8. அது இரண்டு பகுதிகளின் வித்தியாசம். கூட்டினால் 32, கழித்தால் 8 என்றால் 20உம் 12உம். முறிந்த உயரம் 12 முழம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இயற்கணிதம் போதும். கதை அலங்காரத்துக்காக வரவில்லை. காற்று முறித்ததால்தான் இரண்டு பகுதியும் சேர்ந்து 32 என்பது நமக்குத் தெரிகிறது.

தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. வட்டத்தின் பரப்புக்கு அது சொல்லும் வழி: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு. இன்றைய ஃபார்முலாவும் இதுவும் ஒன்றேதான், ஆனால் இதில் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தோசையை நடுவிலிருந்து பதினாறு துண்டாக வெட்டி, ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று அடுக்குங்கள். ஏறக்குறைய ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் பாதி விட்டம். பையின் மதிப்பை ஒப்பிக்கும் பிள்ளைக்கு, "ஏன்" என்ற கேள்விக்கு விடை தட்டிலேயே கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் சங்க மலர்களிலும் மேடைகளிலும் அடிக்கடி வலம் வரும் கர்ணம் காணும் பாட்டு ஒன்று உண்டு. நீளத்தை எட்டாகப் பிரித்து ஒரு கூறைத் தள்ளி, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்பது அதன் பொருள். பித்தாகரசுக்கு முன்பே தமிழன் கண்டது, வர்க்கமூலமே தேவையில்லை என்று பெருமை பேசுகிறோம். சோதித்துப் பார்த்தோமா? 4, 3 என்றால் 5 வரும், சரி. 12, 5 என்றால் 13, அதுவும் சரி. 24, 7 என்றால் 24½ வருகிறது, வரவேண்டியது 25. நீளம் 100, உயரம் 1 என்றால் 88! சாய்ந்த கோடு தரைக்கோட்டைவிடக் குட்டையாக இருக்க முடியுமா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

அந்தப் பாட்டு இழிவானது என்று நான் சொல்லவில்லை. நீளமும் உயரமும் ரொம்ப வித்தியாசப்படாத இடங்களில், கையில் கோலும் கயிறும் மட்டும் உள்ளவருக்கு அது நல்ல தோராய வழி. தோராயத்தைத் தேற்றம் என்று சொல்வதுதான் பிழை. பிள்ளைக்குப் பெருமையை மட்டும் கொடுத்து, சோதிக்கும் பழக்கத்தைக் கொடுக்காமல் விட்டால், கப்பல் தலைவரின் வயது 36 என்று எழுதிய பிள்ளைகளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அப்படியானால் நாம் உண்மையிலேயே பெருமைப்படத்தக்க கருவி எது? நம் வீட்டுப் பேச்சுதான். பெரிமீட்டர், ஏரியா, வால்யூம் என்ற சொற்கள் பத்து வயதுப் பிள்ளைக்கு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. சுற்றளவு என்றால் சுற்றி வந்து அளப்பது. பரப்பளவு என்றால் பரப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. கொள்ளளவு என்றால் உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பது. பாயை விரிப்பதும் குடத்தை நிரப்புவதும் சொல்லிலேயே இருக்கிறது. பரீட்சையை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதட்டும், அதில் ஒரு தகராறும் இல்லை. கணக்கைப் புரிந்துகொள்வது தமிழில் நடக்கலாமே. பல வீடுகளில் தமிழ், "சாப்பிட வா", "டிவியை நிறுத்து" என்பதோடு நின்றுவிடுகிறது. படிப்பு என்று வந்தால் நாமே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம். யோசிப்பதற்கு உதவாத மொழி என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டால், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு வைத்து அதை மாற்றுவது கஷ்டம்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. தில்லிக்காரர் மனையைக் கஜத்தில் சொல்வார், சென்னை மாமா கிரவுண்டில், கிராமத்துத் தாத்தா சென்டில், பெங்களூர் சித்தப்பா முப்பதுக்கு நாற்பது என்று. கிரவுண்டு 2,400 சதுர அடி, முப்பதுக்கு நாற்பது அதில் சரிபாதி, சென்டு 435.6 சதுர அடி. ஒரு கஜம் மூன்று அடி என்பதால் 100 கஜ மனை 300 சதுர அடி என்று பிள்ளை சொன்னால், உடனே திருத்தாமல் ஒரு சதுர கஜத்தைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். உள்ளே ஒன்பது கட்டம் தெரியும், ஆக 900. ஒரு சதுர மீட்டரில் 100 அல்ல, 10,000 சதுர செ.மீ. என்பதும் இதோடு விளங்கிவிடும். குடும்பத்தில் இத்தனை அளவை புழங்கும்போது, இதற்கென்று தனியாக டியூஷன் எதற்கு?

செய்ய வேண்டியது அதிகமில்லை. கணக்கைப் படித்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அளப்பது ஓரமா, பரப்பா, உள்ளே கொள்வதா என்று கேளுங்கள். படம் போடட்டும். விடை வந்தபின், "நம்ம வீட்ல இது நடக்குமா?" என்று ஒரு கேள்வி. ஜார்ஜ் போல்யா 1945ல் எழுதிய புகழ்பெற்ற நூலில், கணக்கைப் புரிந்துகொள்வதை முதல் படியாகவும், விடையைத் திரும்பிப் பார்ப்பதைக் கடைசிப் படியாகவும் வைத்தார். நாம் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் பத்து தரம் எழுத வைக்கிறோம். "எனக்கு மேத்ஸ் வராதுப்பா" என்று ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதைத் திரும்பச் சொல்ல வைக்காமலிருப்பது பெரும்பாடு.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு லீலாவதியிலிருந்தே ஒரு வீட்டுப்பாடம். 9 முழத் தூணின் உச்சியில் ஒரு மயில். தூணின் அடியில் பாம்புப் புற்று. 27 முழ தூரத்திலிருந்து பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்ந்து, பாம்பு போன அதே தூரம் பறந்து அதைப் பிடிக்கிறது. புற்றிலிருந்து எத்தனை முழத்தில் பிடித்தது? மூங்கில் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு இது சுலபம். விடை முழு எண்ணாகத்தான் வரும். பிள்ளையும் பெற்றோரும் ஒரே தாளில் படம் போட்டு, தமிழில் சண்டை போட்டுக் கண்டுபிடியுங்கள்.