தேர்தற் பிரசாரத்தில் இனமும் பெண்ணும்: உடப்பை முன்வைத்து ஒரு நோக்கு

மேடைப் பேச்சும் சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் நம்மிடையே மிகப் பரவலாக வாசிக்கப்படும் உரைநடையாகும். ஆயினும் நமது திறனாய்வாளர் அவற்றைத் தீண்டுவதில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் நாம் செலுத்தும் கவனத்தின் ஒரு சிறு பகுதியையேனும் இவற்றிற்குச் செலுத்தின், ஒரு சமூகம் யாரைத் தன் பிரதிநிதியாகக் கற்பனை செய்கின்றது என்பது புலனாகும். அம்முயற்சிக்கு உடப்பு பொருத்தமான களமெனக் கருதுகின்றோம்.

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, சிலாபத்திற்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் தமிழ்க் கிராமம் உடப்பு. கரைவலையும் அம்பாப் பாடலும் திரௌபதையம்மன் ஆடித் திருவிழாவும் அதன் அடையாளங்கள். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையிலான கரையோரத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மக்களிற் பெரும்பாலோர் சில தலைமுறைகளிற் சிங்கள மொழியினராயினர். அச்சூழலில் உடப்பு தன் மொழியை விடாது நின்றமை சாதாரண செய்தியன்று. இன அடையாளம் இங்கே மேடையில் விளைந்த முழக்கமல்ல, அன்றாட வாழ்க்கையின் உணர்வு. இதனை மறந்து செய்யப்படும் எந்த விமர்சனமும் நேர்மையற்றதாகும்.

இனித் தேர்தற் கணக்கினை நோக்குவோம். மாவட்டத்தில் நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர். தமிழரோ ஏறத்தாழ ஏழு வீதத்தினர். பாராளுமன்றத்திற்கு எட்டு ஆசனங்கள். 1988 இல் அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம் வெட்டுப்புள்ளியைப் பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாகக் குறைத்தது. எனினும், தமிழர் அனைவரும் ஒரே பட்டியலுக்கு வாக்களித்தாலும் அந்த எல்லையைச் சற்றே தாண்டலாமேயன்றி ஆசனமொன்றினை உறுதிசெய்ய முடியாது. ஆகவே தேசியக் கட்சியின் பட்டியலில் இடம்பெற்று, விருப்பு வாக்கின் துணையை நாடுவதே வழியாகின்றது. இந்நெருக்கடியிலிருந்து பிறக்கும் பிரசாரத்தின் மையச் சொற்றொடர், ‘நம்மவர் ஒருவர்’ என்பதாகும்.

‘ஒருவர்’ தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல். ஆனால் சுவரொட்டியில் ஏறியவுடன் அது ‘மண்ணின் மைந்தன்’ ஆகிவிடுகின்றது. ‘மைந்தன்’ என்பதற்கு இணையான பெண்பாற் சொல்லொன்று தேர்தல் வழக்கில் நிலைபெறவில்லை. ‘மண்ணின் மகள்’ என்றெழுதினால், தலைவியையன்றிப் பாதுகாக்கப்பட வேண்டியவளையே வாசகர் மனம் காண்கின்றது. பெண் ‘தாய்மார்களே’ என்ற விளியிற் கேட்போர் வரிசையில் இருத்தப்படுகின்றாள். பேசுவோர் வரிசைக்கு வருபவளாயின் இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி எனும் அடைமொழி அவளுக்கு முன் வந்து நிற்கும். கிடைக்கக்கூடியது ஓரிடம் எனும்போது, அதனை ஒரு பெண்ணுக்கு அளிப்பது ‘நம்மவரின் வாய்ப்பை வீணாக்குவது’ என்றாகிவிடுகின்றது. ‘முதலில் இனம், பிறகு பெண்’ என்று எவரும் மேடையில் கூறுவதில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை.

இவ்விரு அடையாளங்களும் எப்போதும் ஒன்றையொன்று தள்ளியே நின்றன என்பதற்கில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் முன் 1927-28 காலப்பகுதியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பிற் பேசிய அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத் தொழிலாளரான இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா எனக் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். சேர் பொன். இராமநாதனோ சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். நம்மவர் ஒருவர் நம்மவருட் பெரும்பாலோருக்கு வாக்கு வேண்டாமென்றதும், நம்மவரல்லாத ஒருத்தி வேண்டுமென்றதும் நம் வரலாற்று நூல்களில் அடுத்தடுத்து எழுதப்படுவதில்லை.

1931 இல் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆயின் அவ்வாசனம், தேர்தல் வழக்கினாற் கணவர் இழந்த ஆசனம். இங்கே தொடங்கும் வாய்பாடு பின்னர் மாறவில்லை. 1959 இல் கணவர் கொலையுண்டபின் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். அத்தேர்தல் மேடைகளில் மறைந்தவரின் குரல் ஒலிப்பதிவாக ஒலித்தது. எதிரணியினர் அவரது கண்ணீரை ஏளனம் செய்தனர். 1994 சனாதிபதித் தேர்தலிற் சந்திரிகா குமாரதுங்க, ஸ்ரீமா திசாநாயக்க எனும் முதன்மை வேட்பாளர் இருவரும் கொலையுண்டோரின் துணைவியர். தமிழரிடையிலும் இதே நிலைதான். 1980 இற் பொத்துவில் உறுப்பினர் கனகரத்தினம் மறைய, அவர் சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் கட்சி நியமனத்தால் உறுப்பினரானார். 2008 இல் மகேஸ்வரன் கொலையுண்டார். 2010 இல் விஜயகலா யாழ்ப்பாணத்திற் தெரிவானார். துக்கம் பெண்ணுக்கான வேட்புமனுப் பத்திரமாகிவிட்டது.

பெண் தலைமை இனப்பூசலைத் தணிக்கும் என்போரும் உளர். சிறிமாவோ அரசு 1961 சனவரியில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக நடைமுறைப்படுத்தியது. அதற்கெதிராக வடகிழக்கிற் கச்சேரிகளின் முன் அமர்ந்த சத்தியாக்கிரகிகளுட் பெண்களும் இருந்தனர். 1964 இல் அதே பிரதமர் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி வகுத்தது. அக்னஸ் டி சில்வா வாக்குரிமை கேட்ட அதே தோட்டப் பெண்களும் அத்தொகையில் அடங்கினர். மேடையில் ‘அன்னை’ எனப்பட்டவர் எல்லோருக்கும் அன்னையாயிருக்கவில்லை.

இவ்வாய்பாட்டினுள் நின்றுகொண்டே அதனை உடைத்தது 2013 வட மாகாணசபைத் தேர்தல். அனந்தி சசிதரனும் ‘இன்னாரின் மனைவி’யாகவே அறிமுகமானார். எனினும் அவர் கணவரின் புகழை முன்வைத்து இரக்கம் கோரவில்லை. சரணடைந்தவர் எங்கே என்று கேட்டார். அவருக்கு எதிராக நிகழ்ந்த பிரசாரம் எத்தகையது? வாக்களிப்பு நாளன்று, அவர் கட்சி மாறினாரெனக் கூறும் போலி ‘உதயன்’ இதழொன்று அச்சாகி உலவியது. பெண்ணின் சொல்லுக்கு விடை கூற இயலாவிடத்து, அவள் சொல்லாததை அவள் வாயில் இடுவது பழைய உத்தி. 87,870 விருப்பு வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. 2024 இல் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றம் சென்றதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர்கள் நின்றது தேசியக் கட்சியொன்றின் பட்டியலிலே என்பதையும் உடன் கூறவேண்டும்.

மீண்டும் கரையோரத்திற்கு வருவோம். 2016 ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல் திருத்தச் சட்டம் சபைகளிற் பெண்களுக்கு இருபத்தைந்து வீத இடமளித்தது. 2018 பெப்ரவரியில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. இருபது வீதத்திற்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெறும் கட்சியோ சுயேச்சைக் குழுவோ பெண்ணொருவரை அனுப்பும் கடப்பாடு உடையதன்று. புத்தளம் போன்ற மாவட்டத்திற் சிறுபான்மையினர் தனித்து நிற்கும் பட்டியல்கள் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே அடங்கக்கூடியன. பெரிய கட்சிகளின் பெண்கள் சட்டத்தால் உள்ளே வர, சிறு சமூகத்தின் பெண் சட்டத்தாலேயே வெளியே நிற்க நேரும். இனத்தின் சிறுமை பெண்ணின் தலையிற் சுமத்தப்படுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. சட்டமியற்றியோர் இதனை எண்ணிச் செய்தனர் என நாம் கூறவில்லை. எண்ணாமற் செய்தனர் என்பதே நமது குறை.

உடப்பின் ஆடித் திருவிழாவிற் பாரதக் கதை ஊரறிந்தது. தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என்று நிறைந்த சபையிலே திரௌபதை கேட்கின்றாள். வீட்டுமனும் நேர்விடை கூறவில்லை. அக்கேள்வியைக் கேட்டவளைத் தெய்வமாக வணங்கும் ஊரிற் ‘பிரதேச சபை’ என்ற தொடரிலும் அதே சொல் இருக்கின்றது. அடுத்த தேர்தலில் அங்கு ஒட்டப்படும் சுவரொட்டிகளைச் சேகரித்து, அவற்றில் எத்தனை பெண்கள் தம் பெயரால் மட்டும் நிற்கின்றனர் என எண்ணிப் பார்க்க நம் மாணவருள் எவரேனும் முன்வருவராயின், இக்கட்டுரையின் குறைகளை அவ்வாய்வு திருத்தும்.