சிவந்த தேன்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கிணற்றடிச் செம்பருத்திக்குக் கடல் தாண்டி ஒரு பங்காளி உண்டு. மொரீஷியஸ் தீவில், லெ மோர்ன் மலையில் மட்டும் இயற்கையாக வளரும் புதர்ச்செடி அது. பெயர் த்ரொச்செட்டியா பூட்டோனியானா. சிவப்பு மணிபோலத் தலைகவிழ்ந்து தொங்கும் பூவைத் தீவுக்காரர்கள் ‘காதணி’ என்றே அழைக்கிறார்கள். ஆச்சிமாரின் வைரத்தோடு பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கு அது தோடு இல்லை, ஜிமிக்கி.

என்னை மயக்கியது அதன் தேன்தான். பெரும்பாலான பூக்களில் தேன் நிறமில்லாமல் தண்ணீர்போல இருக்கும். இதிலோ செம்மஞ்சளாகச் சிவந்திருக்கிறது! பகலில் திரியும் பச்சைப் பல்லிகள் அதை நக்க வரும். போகும்போது மகரந்தத்தையும் சுமந்து போகும். நிறமற்ற தேனைவிட நிறமுள்ள தேனையே அந்தப் பல்லிகள் நாடுவதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நாம் பல்லி கத்தினால் பலன் பார்க்கிறோம். அங்கே பல்லி பூவுக்குத் தரகு பார்க்கிறது.

1992 மார்ச் 12இல் குடியரசானபோது மொரீஷியஸ் இதையே தேசிய மலராக்கியது. ரூபாய் நோட்டில் தமிழையும் அச்சிடும் நாடு அது. அந்தப் பக்கம் போனால் லெ மோர்னையும் பார்த்துவிட்டு வாருங்கள். பூவைப் பறிக்க மட்டும் வேண்டாம்.