'ஆக்கினை': ஒரு சொல்லும் அதன் சமூகப் பொருளும்

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'ஆக்கினை' என்னுஞ் சொல் விடாது தொடருந் தொல்லையையும் அதற்கு ஆளானவரின் மனச்சலிப்பையும் ஒருங்கே உணர்த்துவது. பிள்ளை அடம்பிடித்து அழுவதும் ஆக்கினை. கடன் கொடுத்தவன் நாள்தோறும் வந்து நெருக்குவதும் ஆக்கினை.

'ஆஜ்ஞா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமான இதன் மூலப்பொருள் கட்டளை என்பதாகும். அம்மூலத்திலிருந்தே பிராகிருதவழி வந்த 'ஆணை' தன் அரச கௌரவத்தை இன்றும் இழக்கவில்லை. ஆக்கினையோ தண்டனை என்னும் பொருளையும் ஏற்றது. தமிழ் விவிலியத்து 'ஆக்கினைத்தீர்ப்பு' இதற்குச் சான்று. பேச்சுவழக்கு அதனை அன்றாட உபாதையாக்கிற்று. கட்டளையை, இடுவோன் நிலையிலன்றி, அதற்கு உட்படுவோன் நிலையில் நின்று நோக்கியதன் விளைவே இப்பொருள்மாற்றம் என நாம் கருதுகின்றோம்.

ஆயின், இதனை ஒடுக்கப்பட்டோரின் குரலாக மட்டுங் கொள்வது எளிமைப்படுத்தலாகும். நிலுவைக் கூலியைக் கேட்டு மீண்டும் மீண்டும் வருந் தொழிலாளியையும் நிலவுடைமையாளர் 'ஆக்கினை' என்றே சலித்துக்கொள்ளல் கூடும். அங்கு உரிமைக் கோரிக்கை தொல்லையாக உருமாற்றப்படுகின்றது. ஒரே சொல் இரு வர்க்கங்களின் வாயில் எதிரெதிர்ப் பணிகளைப் புரிகின்றது.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்தோர் காணத் தவறியது இந்நுட்பத்தையே. இன்று புனைகதை உரையாடலில் வரும் இச்சொல்லுக்குத் 'தொல்லை' என்று பொருளெழுதி நாம் அமைவோமாயின், அத்தவற்றையே வேறு வடிவிற் செய்தவராவோம். யார், யாரை, எந்நிலையில் நின்று அவ்வாறு கூறுகின்றார் என வினவுவதே திறனாய்வின் கடன்.