தோம்பில் ஏறாத வீடுகள்

நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு தாளில் வரையச் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்? வாசலா, கிணற்றடியா? அந்த வீட்டுக்கு இனி திரும்பிப் போகவே முடியாது என்றால்?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா.சனாதனன் இதைத்தான் கேட்டார். போரில் இடம்பெயர்ந்த தமிழர்கள், முஸ்லிம்கள் என எண்பது பேர், விட்டுவிட்டு வந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தார்கள். 2011-ல் அது ஆங்கிலத்தில் புத்தகமானது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘முற்றுப்பெறாத தோம்பு’. தோம்பு என்பது போர்த்துக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர்கள் பெரிதாக்கிய நிலப் பதிவேடு. நம்ம ஊர் சிட்டா, அடங்கலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். முதலில், அவரவர் கைப்படப் போட்ட பிளான். அடுத்து, அதையே கட்டடக்கலைஞர் ஸ்கேல் பிடித்து ஒழுங்காக்கியது. கடைசியில் சனாதனனின் பாஸ்டல் ஓவியம்.

பி.காம். படித்து, பேரேட்டில் கோடு போட்டுப் பழகிய எனக்கு, நடுவில் இருக்கிற அந்த உயிரில்லாத பிளான்தான் தூக்கத்தைக் கெடுத்தது. நகராட்சி அப்ரூவலுக்குக் கொடுப்பதுபோல அத்தனை சுத்தம். கட்டப்போகிற வீட்டுக்குத்தானே சார் பிளான் போடுவார்கள்? இங்கே, பறிகொடுத்த வீட்டுக்கு! சனாதனனின் ஓவியங்கள் சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பேசுகின்றன. கைக்கோடு சொல்லி முடித்த துக்கத்துக்கு இன்னொரு விளக்கம் எதற்கு? ஆனாலும், தன் படத்தைக் கடைசியாக வைத்தாரே... அந்த அடக்கம் பெரிசு.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசு எடுத்துக்கொண்ட பிறகும், பாட்டன் பூட்டன் உழுத மண்ணுக்குப் பட்டா கேட்டு நடையாய் நடந்தவர்கள் அங்கே உள்ள மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆண்டவர்கள் என்று பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள்.) ‘காகிதம் எங்கே?’ என்பதுதான் ஆபீஸில் முதல் கேள்வி. ஆனால், 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிய வாக்குமூலமும் ஒரு சான்று! ஞாபகமும் ஆவணம்தான் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட இடம் அது.

சனாதனன் செய்ததைச் செய்ய நம்ம ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் ரெண்டு பேர் போதும். ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு வெள்ளிமலைக்கு பஸ் ஏறட்டும். எந்தக் கொல்லை யாருடையது, எந்தப் பலா மரம் எல்லை என்று கோடு போட்டுக் காட்ட, அங்கே பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.