கூத்து மைக்குக்கு பூஸ்டர் எதற்கு?

பென்னாகரம் பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைப் பதிவு செய்யக் கிளம்பும் ஒருவர், ஒரு டைனமிக் மைக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரைக் கேட்டாலும் கூடவே ஒரு பூஸ்டரும் வாங்கச் சொல்வார்கள். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் செருகும் சின்ன ப்ரீஆம்ப் அது. போட்டால் குரல் கனமாக வருமாம்.

இந்தப் பேச்சில் பாதி நிஜம். டைனமிக் மைக் தரும் மின்சாரம் சொற்பம். 94 டெசிபல் சத்தத்துக்கு ஷ்யூர் எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட், ஒலிபரப்புக்காரர்கள் விரும்பும் எஸ்எம்7பி 1.12தான். அதே சத்தத்துக்கு நாய்மன் யு87 ஏஐ என்ற கண்டென்சர் மைக் 28 மில்லிவோல்ட் தருகிறது. ஆகவே டைனமிக் மைக்குக்கு கெயினைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மலிவான மிக்சரில் கெயின் குமிழைக் கடைசிவரை திருகினால் குரலோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கிளம்பும். 48 வோல்ட் பேண்டம் பவரில் ஓடும் கிளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டர் சுத்தமாக 25 டெசிபல் ஏற்றித் தந்தால் அங்கே அது உபகாரம்தான்.

நல்ல இன்டர்ஃபேஸ் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அதன் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டிபியூ அளவில் இருக்கும். 150 ஓம் மைக்கின் சுருள் வெறும் வெப்பத்தால் எழுப்பும் இரைச்சலே மைனஸ் 131. மிச்சம் 3 டெசிபல். துளி இரைச்சலும் இல்லாத பூஸ்டரை ஒருவர் செய்து காட்டினாலும் அதற்குமேல் ஜெயிக்க இடமில்லை.

சரி, 'கனம்'? ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் வழக்கமாக 1500 முதல் 2500 ஓம். டைனமிக் மைக்கில் இருப்பது கம்பிச்சுருள் என்பதால், 500 ஓம் போலத் தாழ்ந்த உள்ளீட்டில் கோத்தால் அடிக்குரலும் உச்சஸ்தாயியும் லேசாக மாறும். காது பழகியவர் கண்டுபிடிப்பார். ஆனால் மைக்கை நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்தால் வரும் மாற்றம் இதைவிடப் பெரிது. அதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். குரலின் கனத்தில் பெரும்பங்கு மைக்கை வாயருகே வைப்பதால் வருவது. அந்தப் புகழையும் பூஸ்டரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கூத்துக் களத்துக்கு வருவோம். துரியோதன வேஷக்காரர் மைக்கருகே நின்று முழங்கினால் கெயினைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். பூஸ்டருக்கு அங்கே வேலையில்லை. மைக் மேலே கயிற்றில் தொங்கினால்? வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டரிலிருந்து 80 ஆனால் குரல் ஏறக்குறைய 18 டெசிபல் விழும். பூஸ்டர் அதை ஈடுகட்டிவிடும்தான், ஆனால் ஜெனரேட்டர் உறுமலையும் குழந்தைகளின் அழுகையையும் அதே 25 டெசிபல் தூக்கிவிடும். மின்னணு இரைச்சல் மட்டும்தான் அதற்கு எதிரி. களத்து இரைச்சலை அது கண்டுகொள்ளாது. அந்தப் பணத்துக்கு ஆர்மோனியத்துக்கென்று இன்னொரு மைக் வாங்கி அருகில் வைக்கலாம்.

பூஸ்டரை நானும் பையில் வைத்திருப்பேன், கூத்து முடிந்த மறுநாளுக்காக. ஆளரவம் அடங்கிய வீட்டில், ராகி அரைக்கும்போது பாடிய பாட்டை நினைவிலிருந்து எடுத்து முனகும் ஒரு பாட்டியம்மா. மைக்கை முகத்தருகே கொண்டுபோனால் கூச்சத்தில் நிறுத்திவிடுவார். அரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அந்தக் குரல் நூலாகத்தான் வரும். அப்போது ப்ரீஆம்ப்பின் தரம் துல்லியமாகக் கேட்கும்.