பாபேல் கோபுரமும் பழைய வானொலிகளும்

வழக்கொழிந்த கருவிகளைக் காட்சிப் பொருளாக்குவது எளிது. அவற்றை மீண்டும் பேசவைப்பது அரிது. பிரேசில் நாட்டுக் கலைஞர் சில்டோ மெய்ரெலெஸ் 2001ஆம் ஆண்டில் படைத்த 'பாபேல்' அந்த அரிய செயலைச் செய்கிறது. மின்நிலையமாக இருந்து கலைக்கூடமாக மாறிய இலண்டன் டேட் மாடர்னில் இதனைக் காட்சிக்கு வைத்துள்ளனர்.

நூற்றுக்கணக்கான பழைய வானொலிப் பெட்டிகள் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திற்கு வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. அடியில் 1920களைச் சேர்ந்த பெரிய வால்வு வானொலிகள். மேலே செல்லச் செல்லச் சிறிய, அண்மைக்காலப் பெட்டிகள். எங்கும் கருநீல ஒளி. பெட்டிகள் வெவ்வேறு நிலையங்களை ஒலிக்கின்றன. ஒலியளவோ செவிக்கு எட்டும் கடைசி எல்லையில் நிறுத்தப்பட்டுள்ளது. செய்தியும் பாட்டும் கலந்து ஒரே இரைச்சலாக எழுகின்றன. இதனைப் 'புரியாமையின் கோபுரம்' என்றே கலைஞர் குறிப்பிட்டார்.

தொடக்கநூலின் 11ஆம் அதிகாரத்தில் ஒரே மொழி பேசியோர் வானளாவக் கோபுரம் கட்ட முனைந்தனர். மொழி குழம்பிச் சிதறினர். சிதறியோரை மீண்டும் இணைக்கும் என்ற நம்பிக்கையோடு பிறந்தது வானொலி. 1931ஆம் ஆண்டு, மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இலத்தீனில் உலகிற்கு உரையாற்றினார். பின்னர் அந்நிலையம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசியது.

மெய்ரெலெஸ் இந்நம்பிக்கையை ஏளனம் செய்கிறாரா? தொலைவில் நிற்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு பெட்டியின் அருகே சென்று செவிசாய்த்தால், இரைச்சலிலிருந்து ஒரு மனிதக் குரல் பிரிந்து வருகிறது. படைப்பின் உயிர்நாடி அங்கேதான் உள்ளது. அதன் பெயரே அதன் குறையும் ஆகிறது. 'பாபேல்' என்று படித்ததுமே பொருள் விளங்கிவிட்டதென்று எண்ணுகிறவர், நெருங்கிச் செல்லாமலே திரும்பிவிடக்கூடும்.

இப்படைப்பை இன்னோர் ஆபத்தும் எதிர்நோக்கியுள்ளது. நார்வே நாடு 2017ஆம் ஆண்டில் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. இலண்டனிலும் ஒருநாள் அவ்வலைகள் ஓயுமானால், கோபுரத்தில் வெறும் சீறலே மிஞ்சும். அப்போது பதிவுசெய்த குரல்களை ஊட்டி அதனை ஒலிக்கச் செய்யலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அந்த நொடியில் எங்கோ ஒருவர் உண்மையாகவே பேசிக்கொண்டிருக்கிறார் என்பதில்தான் இதன் மதிப்பு அடங்கியுள்ளது. பதிவுக் குரல் ஒலிக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் பேசுபவர் இல்லை.

பெந்தகோஸ்து நாளில் மொழிகள் அழிக்கப்படவில்லை. அவரவர் தம் மொழியிலேயே கேட்டனர் என்கிறது திருத்தூதர் பணிகள். பன்மொழி அன்றும் தடையாக இருக்கவில்லை. இந்தக் கோபுரத்தின் முன்னும் நம்மிடம் வேண்டப்படுவது ஒன்றே: சற்று நெருங்கிச் சென்று, ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்பது.